கல்லுக்கும் புரோஸ்டேட்டுக்கும் ஒரே மாத்திரையா? இந்த மென்தசையை வலுப்படுத்த வழி இருக்கிறதா?

நடுச்சாமம் கேட்டது:

வணக்கம். எனக்கு இடது சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாயின் அடிப்பகுதியில் 6 மி.மீ. கல் ஒன்று மாட்டிக்கொண்டிருக்கிறது. வலி வரும்போது படுக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. டாக்டர் வலிக்கு டைக்ளோஃபெனாக்கும் கூடவே டாம்சுலோசினும் எழுதிக்கொடுத்தார். இரண்டாவது பெயரைப் பார்த்ததும் குழப்பமாகிவிட்டது. புரோஸ்டேட் வீக்கத்துக்காக அப்பா தினமும் இரவில் போடுவது இதே மாத்திரைதான். கேட்டேன். "ரெண்டு இடத்திலயும் மென்தசைதான், அதைத் தளர்த்தும்" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார். வெளியே நல்ல கூட்டம், அவரைக் குறை சொல்ல முடியாது.

அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு யோசித்துக்கொண்டே இருக்கிறேன். கையை மடக்கு என்றால் மடங்குகிறது, இந்தத் தசை ஏன் என் பேச்சைக் கேட்பதில்லை? கேட்காத தசை இவ்வளவு வலியை எப்படிக் கொடுக்கிறது? நான் ஒழுங்காக ஜிம்முக்குப் போகிறவன். தொடை, தோள் எல்லாவற்றுக்கும் பயிற்சி இருக்கிறது. மென்தசையை வலுப்படுத்தவும் ஏதாவது இருக்கிறதா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுங்கள், தூக்கம் வராமல் கிடப்பவனுக்குப் படிக்க நேரம் நிறைய இருக்கிறது.


ஒற்றைவரி எழுதியது:

பள்ளிப் பாடம்தானே இது. மூன்று வகைத் தசை: எலும்புத்தசை, இதயத்தசை, மென்தசை. மென்தசை உள்ளுறுப்புகளின் சுவரில் இருக்கும், வரிகள் கிடையாது, நம் கட்டுப்பாட்டில் இல்லை. பயிற்சி செய்து வளர்க்க முடியாது. அவ்வளவுதான்.


பழைய லேப்காரன் எழுதியது:

மேலே சொன்னதில் தப்பில்லை. ஆனால் நடுராத்திரி வலியோடு கிடப்பவருக்கு அது போதாது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. மருத்துவக் கல்லூரியில் மருந்தியல் ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். மாணவர்களின் பிராக்டிகலுக்காக இந்த மென்தசையைக் கண்ணாடிக் குடுவைக்குள் தொங்கவிடுவதுதான் என் பிழைப்பாக இருந்தது. அதனால் நான் பார்த்த பக்கத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முயலின் சிறுகுடலிலிருந்து 2, 3 செ.மீ. துண்டு ஒன்றை எடுத்து, உள்ளே இருப்பதை மெல்லக் கழுவிவிட்டு, இரண்டு முனையிலும் நூல் கட்டுவோம். ஒரு நூல் குடுவையின் அடியில் உள்ள கொக்கிக்கு, இன்னொன்று மேலே இருக்கும் லீவருக்கு. குடுவையில் டைரோடு கரைசல்: சாதாரண உப்பு, கொஞ்சம் பொட்டாசியம், கால்சியம், குளுக்கோஸ் என்று ரத்தத்தின் உப்புச் சேர்க்கையை ஒட்டி இருக்கும். 37 டிகிரி சூடு, அடியிலிருந்து ஆக்சிஜன் குமிழி. மூளை இல்லை, முதுகுத்தண்டு இல்லை, ரத்த ஓட்டம்கூட இல்லை. ஆனாலும் அந்தத் துண்டு அது பாட்டுக்குச் சுருங்கும், நீளும், சுருங்கும், நீளும். லீவரின் முனை புகை படிந்த காகிதத்தில் மேலும் கீழுமாகக் கோடு போட்டுக்கொண்டே போகும். மணிக்கணக்கில் போகும். முதன்முதலாகப் பார்க்கும் பிள்ளைகள் "சார், கரண்ட் கொடுத்திருக்கீங்களா?" என்று கேட்காமல் இருந்ததே இல்லை. இந்த முறையை ருடால்ஃப் மாக்னஸ் என்ற ஜெர்மானியர் 1904-இல் கொண்டுவந்தார். இப்போது பல கல்லூரிகளில் இதைக் கணினித் திரையில் காட்டிவிடுகிறார்கள். விலங்குகளுக்கு நல்லதுதான். ஆனால் திரையில் பார்த்தவனுக்கு அந்த அதிர்ச்சி கிடைப்பதில்லை என்பது என் எண்ணம்.

கரண்ட் எங்கிருந்து வருகிறது என்றால், குடல் சுவருக்குள்ளேயே இருக்கும் காஹால் செல்களிலிருந்து. நரம்பு செல்களை வரைந்து புகழ்பெற்ற ஸ்பானிய அறிஞர் ரமோன் இ காஹால் அடையாளம் காட்டியவை. அவைதான் தாளம் போடுகின்றன. மனித இரைப்பையில் நிமிடத்துக்கு 3 அலை, சிறுகுடலின் தொடக்கத்தில் 12, கீழே போகப் போக அது 8 வாக்கில் குறைந்துவிடும். பக்கத்துப் பக்கத்துச் செல்கள் சிறு துளைகளால் இணைந்திருப்பதால் ஒன்றில் எழும் அலை மற்றவற்றுக்கும் பரவி, முழுச் சுவரும் சேர்ந்து சுருங்குகிறது.

அதனால் உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: அந்தத் தசை உங்கள் பேச்சை மட்டும்தான் கேட்பதில்லை. மற்ற எல்லார் பேச்சையும் கேட்கும். குடுவையில் நரம்பு விடும் ரசாயனமான அசிட்டைல்கோலினை ஒரு சொட்டு விட்டால் லீவர் ஜிவ்வென்று மேலே ஏறும். கழுவிவிட்டு அட்ரினலின் விட்டால் துவண்டுபோய்க் கோடு நேராகிவிடும். அட்ரோபின் கொடுத்துவிட்டு மறுபடி அசிட்டைல்கோலின் விட்டால் கம்மென்று இருக்கும், ஏனென்றால் அது வந்து உட்கார வேண்டிய ஏற்பியை அட்ரோபின் பிடித்துக்கொண்டது. அந்த நிலையிலும் பேரியம் குளோரைடு விட்டால் சுருங்கும், அது ஏற்பியைத் தேடாமல் நேரே தசையிலேயே வேலை செய்கிறது. கால்சியம் இல்லாத கரைசலை மாற்றி ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும், கால்சியத்தைத் திருப்பிக் கொடுத்தால் மறுபடி எழும். நரம்பு, ஹார்மோன், இழுவிசை, அக்கம்பக்கத்துச் செல் விடும் ரசாயனம், சொந்தத் தாளம் என்று இத்தனை எஜமான்கள். கடைசியில் எல்லாருடைய உத்தரவும் போய்ச் சேருவது ஒரே இடத்தில்தான்: செல்லுக்குள் கால்சியம் ஏறுகிறதா, இறங்குகிறதா. ஏறினால் அது கால்மொடுலின் என்ற புரதத்தோடு சேர்ந்து ஒரு நொதியை எழுப்பும், அந்த நொதி மயோசின் என்ற தசைப் புரதத்தில் பாஸ்பேட்டை ஒட்டும், மயோசின் ஆக்டின் என்ற இன்னொரு புரதத்தைப் பிடித்து இழுக்கும். எலும்புத்தசையில் இந்தச் சுற்றுவழி கிடையாது, அங்கே கால்சியம் ட்ரோபோனின் என்ற புரதத்தில் போய் ஒட்டியதுமே வேலை நடந்துவிடும். அதனால்தான் கை கண்ணிமைக்கும் நேரத்தில் மடங்குகிறது, குடல் ஆற அமரச் சுருங்குகிறது.

இப்போது உங்கள் மாத்திரை. புரோஸ்டேட் சுரப்பிக்குள்ளும், சிறுநீர்ப்பையின் கழுத்திலும், உங்கள் கல் உட்கார்ந்திருக்கும் குழாயின் கீழ்ப்பகுதியிலும் மென்தசையில் ஆல்ஃபா-1 என்ற ஏற்பி நிறைய. நரம்பு விடும் நார்அட்ரினலின் அதில் வந்து உட்கார்ந்தால் கால்சியம் ஏறி, தசை இறுகும். டாம்சுலோசின் அந்த இருக்கையை முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறது. அப்பாவுக்குச் சிறுநீர் போகும் வழி கொஞ்சம் விடுகிறது, உங்களுக்குக் கல் நகர வழி விடுகிறது. சின்னக் கல்லுக்கு இதனால் பெரிய பயன் இல்லை, 5 மி.மீ.-க்கு மேற்பட்டு, குழாயின் கீழ்ப்பகுதியில் நிற்கும் கல்லுக்குத்தான் உதவும் என்பது இப்போது பல மருத்துவர்களின் கருத்து. உங்களுடையது 6 என்கிறீர்கள், பொருத்தமாகத்தான் எழுதியிருக்கிறார்.

வலியைப் பற்றி. தசை சுருங்குவதே வலி என்று நினைக்காதீர்கள். அந்தக் குழாய் நிமிடத்துக்குச் சில அலைகள் வீதம் வாழ்நாள் முழுக்கச் சுருங்கிச் சுருங்கித்தான் சிறுநீரைக் கீழே தள்ளுகிறது, யாருக்காவது தெரிகிறதா? உள்ளுறுப்பை அறுத்தால்கூடப் பெரிதாக வலி தெரியாது, உப்பி விரிந்தால்தான் தெரியும். கல் அடைத்ததும் மேலே சிறுநீர் தேங்கி, குழாயும் சிறுநீரகத்தின் உள்ளறையும் விரிகின்றன. விரிந்த தசை பதிலுக்கு இன்னும் பலமாகச் சுருங்குகிறது, வழி இல்லாததால் அழுத்தம் மேலும் ஏறுகிறது. வலி அலை அலையாக வருவது இதனால்தான். டைக்ளோஃபெனாக் வெறும் வலி மாத்திரை இல்லை, புரோஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனத்தைத் தடுத்து அந்தப் பக்கம் சிறுநீர் ஊறுவதையும் குழாயின் இறுக்கத்தையும் குறைக்கிறது. ஒன்று மட்டும் கவனம்: காய்ச்சல், குளிர்நடுக்கம் வந்தாலோ சிறுநீர் வராமல் நின்றாலோ இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கடைசியாக ஜிம். இதற்குத்தான் நான் இவ்வளவு நீட்டி எழுதினேன். மென்தசையைப் பயிற்சி செய்து வளர்க்க முடியாது என்று ஒற்றைவரி நண்பர் சொன்னார், அது சரிதான். ஆனால் பயிற்சி இல்லாமலே வளரும், தாராளமாக வளரும். வளர்வதுதான் தொல்லை. ஆஸ்துமா பல வருடம் இருந்தால் மூச்சுக்குழாய்ச் சுவரில் மென்தசை தடிக்கிறது. ரத்தக்கொதிப்பு நீடித்தால் சின்னச் சின்னத் தமனிகளின் சுவர் தடிக்கிறது. உங்கள் அப்பாவைப் போலப் புரோஸ்டேட் வழியை அடைத்தால், அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளிச் சிறுநீர்ப்பையின் தசை தடித்துப்போகிறது, அதற்கப்புறம் கொஞ்சம் சிறுநீர் சேர்ந்தாலே அவசரம் அவசரம் என்கிறது. பெண்களுக்குக் கருப்பையில் வரும் நார்க்கட்டி இருக்கிறதே, அதுவும் மென்தசைச் செல்கள் பெருகி வந்ததுதான், பெரும்பாலும் புற்று இல்லாத கட்டி.

ஏனென்றால் இந்தத் தசையின் வேலை தூக்குவது இல்லை, பிடித்துக்கொண்டிருப்பது. நீங்கள் கையை நேராக நீட்டிப் பிடித்துப் பாருங்கள், சில நிமிடத்தில் தோள் நடுங்கும். உங்கள் தமனிச் சுவர் பிறந்ததிலிருந்து பிடியை விடவில்லை, ஒருநாளும் அலுத்துக்கொண்டதில்லை. சுருங்கிய பிறகு கதவுக்குத் தாழ் போட்ட மாதிரி மயோசின் ஆக்டினை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றுவிடும், ஏடிபி என்ற எரிபொருளின் செலவு மிகக் குறைவு. அதே இழுவிசையைத் தாங்க எலும்புத்தசைக்கு ஆகும் ஆற்றலில் சில சமயம் நூறில் ஒரு பங்குகூட ஆகாது. இப்படிப்பட்ட தசையிடம் பலத்தை எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை. தேவையான அளவு இறுக வேண்டும், கேட்டதும் விட வேண்டும், அவ்வளவுதான். இதற்கான மருந்துகளைப் பாருங்கள், பெரும்பாலானவை தளர்த்துபவைதான். இன்ஹேலர், ரத்தக்கொதிப்புக்கான அம்லோடிபின், வயிற்றுப் பிடிப்புக்கான ஹையோசின், நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட், உங்கள் டாம்சுலோசின். எல்லாமே "கொஞ்சம் விடு" என்று சொல்கிறவை.


பிரசவ வார்டு எழுதியது:

லேப் ஐயா, அருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கடைசிப் பத்தியில் ஒரு சண்டை இருக்கிறது. நான் பிரசவ வார்டு செவிலி. எங்களிடம் மென்தசை இறுகினால் பிரச்சினை இல்லை, இறுகாவிட்டால்தான் உயிர் போகும்.

சாதாரண நாளில் கருப்பை 60, 70 கிராம்தான். நிறைமாதத்தில் கிட்டத்தட்ட 1 கிலோ. செல்கள் புதிதாகப் பெருகுவதைவிட இருக்கும் செல்களே நீண்டு பருத்துத்தான் இவ்வளவு பெரிதாகிறது, ஒவ்வொரு செல்லும் அரை மில்லிமீட்டர் நீளம் வரை போகும். அந்த நேரத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் ஓடுகிறது. குழந்தை பிறந்து நஞ்சு பிரிந்ததும், அது ஒட்டியிருந்த இடத்தில் இத்தனை ரத்தக்குழாய்களும் வாய் திறந்து நிற்கும். தையல் போட முடியாது, கட்டு கட்ட முடியாது. அந்தக் குழாய்களைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் தசைநார்கள் சுருங்கி அவற்றை நெரித்து மூட வேண்டும். ரத்தம் உறைவது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அதனால் குழந்தை வந்ததும் தாய்க்கு ஆக்சிடோசின் 10 யூனிட் ஊசி. நஞ்சு வந்த பிறகு வயிற்றில் கை வைப்போம். தொப்புள் மட்டத்தில் உருண்டையாகக் கெட்டியாகக் கையில் தட்டுப்பட்டால் நிம்மதி. தட்டுப்படாமல் கொழகொழவென்று இருந்தால் உள்ளங்கையை வைத்து வட்டமாகத் தேய்ப்போம். தேய்க்கத் தேய்க்கக் கைக்கு அடியிலேயே அது திரண்டு கெட்டியாவது தெரியும். அந்தக் கணத்தில் துணியில் ஓடும் ரத்தமும் குறையும். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் கருப்பை சரியாகச் சுருங்காது, அதனால் முதலில் அதைக் காலி செய்வோம். பிரசவத்துக்குப் பின் வரும் பெரும் ரத்தப்போக்கில் நூற்றுக்கு எழுபது இந்தத் தசை சோர்ந்துபோவதால்தான்.

இன்னொன்று. பிரசவ வலியின்போது கருப்பையின் மேற்பகுதித் தசை ஒவ்வொரு முறை சுருங்கிய பிறகும் பழைய நீளத்துக்குத் திரும்பாது. கொஞ்சம் குட்டையாகவே நின்றுவிடும். அடுத்த வலி அங்கிருந்து தொடங்கும். இல்லையென்றால் ஒவ்வொரு வலிக்கும் கீழே வந்த குழந்தை திரும்ப மேலே போய்விடும். இடையில் தளர்வும் கட்டாயம் வேண்டும், அப்போதுதான் நஞ்சுக்கு ரத்தம் போய்க் குழந்தைக்கு ஆக்சிஜன் கிடைக்கும். ஆக்சிடோசின் சொட்டு வேகம் கூடிப்போய் வலி விடாமல் தொடர்ந்தால் குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கிவிடும், ஓடிப்போய் நிறுத்துவோம்.

பிறந்த குழந்தை பால் குடிக்கும்போது அடிவயிறு பிடித்து இழுக்கிறது என்று தாய்மார்கள் பயப்படுவார்கள். அதுவும் ஆக்சிடோசின் வேலைதான், கருப்பை சுருங்கிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது, மூன்றாவது பிரசவத்தில் அந்த இழுப்பு இன்னும் அதிகமாக இருக்கும்.


பழைய லேப்காரன் எழுதியது:

சிஸ்டர், அந்தக் கைக்கு அடியில் திரளும் விஷயம் எனக்குப் புத்தகத்தில் கிடைத்ததில்லை. நன்றி. குடுவையில் எலியின் கருப்பைத் துண்டை மாட்டி ஆக்சிடோசின் விட்டுப் பார்த்திருக்கிறேன், ஆனால் லீவர் ஏறுவதற்கும் ஒரு தாய் பிழைப்பதற்கும் இடையில் தூரம் இருக்கிறது.

இறுகாமல் போவதில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். வயிற்று அறுவை முடிந்ததும் குடல் கொஞ்ச காலம் வேலைநிறுத்தம் செய்யும். சிறுகுடல் ஒரு நாளுக்குள் எழுந்துவிடும், இரைப்பைக்கு ஒன்றிரண்டு நாள், பெருங்குடல் இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். ரவுண்ட்ஸ் வரும் சர்ஜன் "காற்று பிரிஞ்சுதா?" என்று கேட்பது அதற்காகத்தான். நோயாளி வெட்கப்படுவார், ஆனால் சர்ஜனுக்கு அதைவிட நல்ல செய்தி கிடையாது.


நடுச்சாமம் எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. வலி இப்போது பரவாயில்லை. ஆனால் இரண்டு சந்தேகம். மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து கட்டிலில் இருந்து சட்டென்று எழுந்தால் தலை கிறுகிறுக்கிறது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா? இரண்டாவது, அப்பாவுக்குக் கண்புரை அறுவை செய்ய நாள் குறித்திருக்கிறார்கள். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டு ஒரு தாள் கொடுத்தார்கள். "கண்ணுக்கும் மூத்திரத்துக்கும் என்னடா சம்பந்தம்" என்று அப்பா டாம்சுலோசினை எழுத மறுக்கிறார்.


பழைய லேப்காரன் எழுதியது:

தம்பி, அப்பாவை எழுதச் சொல்லுங்கள். முதல் வரியிலேயே எழுதச் சொல்லுங்கள்.

கண்மணி சுருங்கி விரிவதும் மென்தசையால்தான். வட்டமாக ஓடும் தசை சுருக்கும், சக்கரத்தின் ஆரக்கால் போல ஓடும் தசை விரிக்கும். விரிக்கும் தசைக்கு உத்தரவு போவது அதே ஆல்ஃபா-1 ஏற்பி வழியாக. கண்புரை எடுக்கும்போது கண்மணி நன்றாக விரிந்து நிற்க வேண்டும், அந்தத் துளை வழியாகத்தான் சர்ஜன் வேலை செய்கிறார். டாம்சுலோசின் சாப்பிடுகிறவர்களுக்குக் கண்மணியைச் சுற்றியிருக்கும் நிறத்திரை தொளதொளத்துப் போய், உள்ளே ஓடும் நீரில் அலைந்து, அறுவைக்கு நடுவிலேயே கண்மணி சுருங்கிவிடுவது உண்டு. இதை 2005-இல்தான் அமெரிக்கக் கண் மருத்துவர்கள் தனியாகக் கண்டு எழுதினார்கள். அதற்கு முன்னால் எத்தனை சர்ஜன்கள் காரணம் புரியாமல் திணறியிருப்பார்களோ. மாத்திரையை நிறுத்தினாலும் சரியாகிவிடும் என்று சொல்ல முடியாது, அதனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். முன்கூட்டியே தெரிந்தால் திரையைப் பிடித்துவைக்கச் சிறு கொக்கிகள், வளையங்கள், மருந்துகள் எல்லாம் தயாராக வைத்துக்கொள்வார்கள். தெரியாமல் போவதுதான் சங்கடம். இப்போது நிறுத்திவிட்டிருந்தால்கூட, முன்பு சாப்பிட்டதைச் சொல்ல வேண்டும்.

கிறுகிறுப்புக்கு வருகிறேன். எழுந்து நின்றதும் ரத்தம் காலுக்கு இறங்கும். சாதாரணமாக அந்த நொடியே நரம்பு உத்தரவு போட்டு ரத்தக்குழாய்களின் மென்தசை இறுகி, தலைக்குப் போகும் ரத்தத்தைக் காப்பாற்றும். உங்கள் மாத்திரை அந்த உத்தரவையும் கொஞ்சம் மழுக்குகிறது. டாம்சுலோசின் பெரும்பாலும் சிறுநீர்ப் பாதையைத்தான் குறி வைக்கிறது என்றாலும் முழுக்க ரத்தக்குழாயை விட்டுவிடுவதில்லை. ஒரு நிமிடம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள். மயக்கமே வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ரத்தக்குழாயில் இந்தத் தசையின் கை எவ்வளவு நீளம் என்பதற்கு ஒரு கணக்கு. குழாய் வழியாகப் போகும் ஓட்டம் அதன் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே புவாசே என்ற பிரெஞ்சு மருத்துவர் அளந்து காட்டிவிட்டார். அப்படியென்றால் ஆரம் 16 சதவீதம் குறைந்தாலே ஓட்டம் பாதியாகிவிடும். எந்த உறுப்புக்கு எவ்வளவு ரத்தம் என்று நொடிக்கு நொடி பங்கு போடுவது இதயம் இல்லை, சின்னத் தமனிகளின் சுவரில் இருக்கும் மென்தசைதான்.

இதில் எனக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு, டெக்னீஷியன் கதை என்பதால். ராபர்ட் ஃபர்ச்காட் என்ற அமெரிக்கர் முயலின் பெருந்தமனித் துண்டுகளை வைத்து என் மாதிரியே குடுவை வேலை செய்துகொண்டிருந்தார். அசிட்டைல்கோலின் வகை மருந்து கொடுத்தால் அந்தத் துண்டு சுருங்குவதுதான் அவர் பல வருடமாகப் பார்த்தது. உடம்புக்குள் அதே மருந்து குழாயை விரிக்கிறதே, இது என்ன முரண்பாடு என்று யாருக்கும் புரியவில்லை. ஒரு நாள் அவருடைய டெக்னீஷியன் சோதனையின் வரிசையை மாற்றிச் செய்துவிட, துண்டு சுருங்குவதற்குப் பதில் தளர்ந்தது. நோண்டிப் பார்த்ததில் விஷயம் வெளியே வந்தது: துண்டைத் தயார் செய்யும்போது அதன் உட்பக்கம் எதிலாவது உரசினால் உள்ளே படிந்திருக்கும் ஒற்றை அடுக்குச் செல்கள் உதிர்ந்துவிடுகின்றன. உரசாமல் எடுத்தால் தளர்கிறது, உரசினால் சுருங்குகிறது. அந்த உள் அடுக்குதான் தசைக்கு "விடு" என்று செய்தி அனுப்புகிறது என்று 1980-இல் எழுதினார். அந்தச் செய்தி நைட்ரிக் ஆக்சைடு என்ற சாதாரண வாயு. 1998-இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும் நோபல் பரிசு. திசுவை விரலால் எப்படிப் பிடிக்கிறோம் என்பதில் இவ்வளவு இருக்கிறது என்று புதிய பையன்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பேன், பாதிப் பேர் கேட்கமாட்டார்கள்.

நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை இந்த நைட்ரிக் ஆக்சைடைத்தான் கொடுக்கிறது. ஆண்மைக்குறைவுக்குப் போடும் சில்டனாஃபில் அதே பாதையின் அடுத்த படியில் தளர்வை நீட்டிக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் குழாய்கள் எல்லாம் ஒரேயடியாக விட்டுக்கொடுத்து ரத்த அழுத்தம் விழுந்துவிடும், அதனால்தான் சேர்க்கவே கூடாது என்கிறார்கள். கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு யாராவது படித்துக்கொண்டிருந்தால், உங்களுக்காகத்தான் எழுதினேன்.


மூச்சுக்காரர் எழுதியது:

பழைய இழை போலத் தெரியவில்லை, அதனால் நானும் நுழைகிறேன். மூச்சுப் பயிற்சியால் உள்ளுறுப்புத் தசைகளை நம் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவரலாம் என்று எங்கள் பயிற்சியாளர் சொல்கிறார். நீங்கள் யாருமே அதைத் தொடவில்லையே? அப்புறம் எனக்கு ஆஸ்துமா உண்டு, நீல நிற இன்ஹேலர் இழுத்தால் கொஞ்ச நேரம் கை நடுங்குகிறது. தளர்த்தும் மருந்து என்கிறீர்கள், தளர்த்தினால் ஏன் நடுங்க வேண்டும்?


பழைய லேப்காரன் எழுதியது:

பயிற்சியாளர் சொன்னதில் பாதி சரி. மெதுவாக மூச்சு விட்டால் நரம்புகளின் சமநிலை மாறும், அதனால் இதயத்துடிப்பும் ரத்தக்குழாயின் இறுக்கமும் கொஞ்சம் இறங்கும். ஆனால் அது பக்கத்துக் கதவு வழியாகப் போவது, "பித்தப்பையே சுருங்கு" என்று உத்தரவு போடுவது இல்லை. உடம்பில் மென்தசையை நாம் ஏறக்குறைய நினைத்தபடி ஆட்டும் இடம் கண்தான். தூரத்தில் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உங்கள் விரல் நுனியைப் பாருங்கள், கண் வில்லையைச் சுற்றியிருக்கும் மென்தசை வளையம் சுருங்கி வில்லையைத் தடிக்கவைக்கிறது. தினமும் ஆயிரம் தடவை செய்கிறோம், யாரும் பெருமைப்படுவதில்லை. நினைத்தவுடன் மயிர்க்கூச்செறிய வைக்கும் மனிதர்களும் மிகச் சிலர் இருக்கிறார்கள், அது ஒவ்வொரு ரோமத்தின் அடியிலும் இருக்கும் குட்டி மென்தசை. சிறுநீரை அடக்குவதை இதில் சேர்க்காதீர்கள். உள் வால்வு மென்தசை, அது தானாகப் பார்த்துக்கொள்ளும். நாம் இறுக்குவது வெளி வால்வை, அது எலும்புத்தசை. இடுப்புத்தளப் பயிற்சியில் வலுவாவதும் அந்தப் பக்கம்தான், ஜிம் தம்பிக்கு அதை வேண்டுமானால் சொல்லலாம்.

கை நடுக்கம். இன்ஹேலரில் இருக்கும் சால்புட்டமால் மூச்சுக்குழாய் மென்தசையில் பீட்டா-2 என்ற ஏற்பியில் உட்கார்ந்து அதைத் தளர்த்துகிறது, சில நிமிடத்தில் மூச்சு எளிதாகும். அதே பீட்டா-2 உங்கள் கையின் எலும்புத்தசையிலும் இருக்கிறது. மருந்தில் ஒரு பங்கு ரத்தத்தில் கலந்து அங்கே போகும்போது அந்தத் தசை தளர்வதில்லை, நுணுக்கமாக நடுங்குகிறது. ஒரே ஏற்பி, இரண்டு தசையில் இரண்டு விளைவு. நெஞ்சு படபடப்பதும் இதே வழிதான். ஸ்பேசர் (இன்ஹேலரின் வாயில் மாட்டும் குழாய்) வைத்து இழுத்தால் தொண்டையில் படிந்து உள்ளே போவது குறையும். வாரத்தில் பல நாள் அந்த நீல இன்ஹேலர் தேவைப்படுகிறது என்றால் மட்டும் டாக்டரைப் போய்ப் பாருங்கள். அது தசையை விடவைக்கும், மூச்சுக்குழாயின் வீக்கத்தை ஒன்றும் செய்யாது. வீக்கத்துக்கு வேறு இன்ஹேலர் இருக்கிறது.